1916-இல் திரைக்கு வந்த சோம் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைக் காட்டும் கறுப்பு வெள்ளைக் காட்சிகளை எல்லோரும் எங்கோ பார்த்திருப்போம். பாதி நேரம் அவை வருவது ஒரே படத்திலிருந்துதான். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

எந்தப் படம் அது?

‘சோம் போர்’ என்ற பிரிட்டிஷ் மௌனப் படம். 5 ரீல், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். பிரான்சின் வடக்கே சோம் ஆற்றுப் பக்கம் 1916 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் தொடங்கிய பெருந்தாக்குதலைக் காட்டுகிறது. படப்பிடிப்பு ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை 10 வாக்கில் முடிந்தது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி லண்டனில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு காட்சி. ஆகஸ்ட் 21-ஆம் தேதி லண்டனில் 34 தியேட்டர்களில் பொதுமக்களுக்கு வெளியீடு.

இந்தத் தேதிகளில்தான் விஷயமே இருக்கிறது. போர் நவம்பர் வரை நடந்தது. அதாவது, களத்தில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அதே சண்டையை ஊரில் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். திரையில் சிரித்துக்கொண்டே போகிற பையன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே அவன் அம்மா தியேட்டரில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

யார் எடுத்தது?

ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டோவல் என்ற இரண்டு பேர். மாலின்ஸ் அதற்கு முன்பே பிரான்சில் போர்க்காட்சிகள் எடுத்துப் பழகியவர். மெக்டோவல் கடைசி நேரத்தில் அனுப்பப்பட்டவர். போக வேண்டியிருந்த இன்னொரு ஒளிப்பதிவாளர் உடம்புக்கு முடியாமல் திரும்பிவிட, அந்த இடத்துக்கு இவர் வந்தார்.

மாலின்ஸ் நின்றது வடக்கே போமோன் ஹாமெல் கிராமத்துக்கு எதிரில், 29-ஆவது டிவிஷன் என்ற பிரிட்டிஷ் பெரும்படைப் பிரிவோடு. மெக்டோவல் நின்றது தெற்கே ஃப்ரிகூர், மாமெட்ஸ் கிராமங்கள் பக்கம், 7-ஆவது டிவிஷனோடு. வடக்கே தாக்குதல் படுதோல்வி. போமோன் ஹாமெல் அன்றைக்கு விழவில்லை, நவம்பர் 13-ஆம் தேதிதான் விழுந்தது. தெற்கே மாமெட்ஸ் அன்றைக்கே கைக்கு வந்தது, ஃப்ரிகூர் மறுநாள். இரண்டு பேர் எடுத்த சுருள்களையும் ஒன்றாக வெட்டி ஒட்டியபோது, முன்பாதியின் காத்திருப்பு பெரும்பாலும் வடக்கிலிருந்தும் பின்பாதியின் கைதிகளும் கைப்பற்றிய குழிகளும் பெரும்பாலும் தெற்கிலிருந்தும் வந்தன. பார்ப்பவருக்கு அது ஒரே போராக, முன்னேறிப் போகும் போராகத் தெரிகிறது. படத்தில் இருக்கும் எந்தப் போலிக் காட்சியையும்விட இந்த ஒட்டுவேலைதான் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அந்தக் காலத்து கேமராவை வைத்துக்கொண்டு முன்வரிசையில் எப்படி எடுத்தார்கள்?

பெரும்பாடு பட்டுத்தான். மரப்பெட்டி கேமரா, கனமான மர டிரைபாட். மின்சாரம் கிடையாது, கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம் ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 ஃபிரேம். குண்டு விழும்போதும் கை வேகம் மாறக் கூடாது. பயத்தில் வேகமாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் மெதுவாக நகர்வார்கள்.

35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 400 அடிச் சுருள் ஒன்று அந்த வேகத்தில் 6 நிமிடம் 40 நொடியில் தீர்ந்துவிடும். அப்புறம் புதுச் சுருள் மாட்ட வேண்டும். எதை எடுப்பது, எப்போது தொடங்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஃபிலிமின் குணம். அன்றைய ஃபிலிம் சிவப்பை உணராது, நீலத்தை அளவுக்கு மீறி உணரும். அதனால்தான் வானம் எப்போதும் வெள்ளைத்தாள் மாதிரி வெறுமையாக இருக்கிறது, கட்டுத்துணியில் ஊறிய ரத்தம் கறுப்பாகத் தெரிகிறது.

தொலைவில் நடப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ் வசதியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆக, கேமராமேனுக்கு இரண்டே வழி. குழிக்குள் பத்திரமாக இருந்து பக்கத்தில் இருப்பவர்களை எடுக்கலாம். இல்லையென்றால் விளிம்புக்கு மேல் கேமராவை நீட்டி, தூரத்தில் புள்ளியாகத் தெரிவதை எடுக்கலாம். நடுவில் இருக்கும் அந்த சில நூறு கெஜம், ஆட்கள் செத்து விழுந்த இடம், அது அவர்களுக்கு எட்டவே இல்லை.

வீரர்கள் ஏன் தத்தித் தத்தி ஓடுகிறார்கள்?

அது படமெடுத்தவர் தவறல்ல. நொடிக்கு 16 ஃபிரேம் வாக்கில் எடுத்ததைப் பிற்காலத்தில் 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு வேகம். நகைச்சுவைப் படம் போலாகிவிட்டது. சரியான வேகத்தில் ஓட்டிய பிரதியைப் பாருங்கள், அதே ஆட்கள் களைத்துப்போய் மெதுவாகத்தான் நடக்கிறார்கள்.

மலையே வெடிப்பது போல ஒரு காட்சி வருகிறதே, அது உண்மையா?

நூற்றுக்கு நூறு உண்மை. ஹாதார்ன் மேடு என்பது போமோன் ஹாமெலுக்கு எதிரே ஜெர்மானியர் வைத்திருந்த அரண். பிரிட்டிஷ் சுரங்கப் படையினர் அதற்கு அடியில் மாதக்கணக்கில் துளைத்துக்கொண்டு போய், சுமார் 18 டன் அம்மோனால் வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜூலை 1 காலை 7:20-க்கு வெடிப்பது என்று திட்டம். மாலின்ஸ் ஏறக்குறைய அரை மைல் தள்ளிக் காத்திருந்தார்.

வெடிப்பதற்குச் சற்று முன்பே அவர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். நொடிகள் போகின்றன, ஒன்றும் நடக்கவில்லை. வெடிப்பதற்கு முன் ஃபிலிம் தீர்ந்துவிடுமோ என்று பதறியதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் தரை அதிர்ந்தது. படத்தில் பார்த்தால், முதலில் அடிவானத்தில் ஒரு வீக்கம், அது கறுப்பாகக் கிளம்பி, மேலே விரிந்து, பிறகு மண்ணாகச் சரிகிறது.

பொதுவாகச் சொல்லப்படாத பாதிக்கதை இது: மற்றப் பெரிய சுரங்க வெடிகள் 7:28-க்கு, காலாட்படை கிளம்புவது 7:30-க்கு. இது மட்டும் பத்து நிமிடம் முன்னால். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரே இருந்த ஜெர்மானியர்கள் விழித்துக்கொண்டு, ஆழமான நிலவறைகளிலிருந்து மேலேறி, இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திவிட்டார்கள். நாம் வியந்து பார்க்கும் அந்த வெடிப்பு, எதிரிக்குக் கொடுத்த எச்சரிக்கை மணியாகவும் ஆகிவிட்டது. அதே டிவிஷனில் இருந்த நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவில் அன்று காலை தாக்குதலுக்குப் போனவர்கள் சுமார் 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது நின்றவர்கள் 68 பேர்.

குழியிலிருந்து ஏறிப் பாயும் அந்தப் பிரபலமான காட்சி போலி என்கிறார்களே?

ஆமாம், போலிதான். சில நொடிகளே வரும் அந்தக் காட்சியில் வீரர்கள் விளிம்பில் ஏறுகிறார்கள், ஒருவன் ஏறும்போதே சரிந்து குழிச்சுவரில் கிடக்கிறான். அடுத்து முள்கம்பியைத் தாண்டிப் புகைக்குள் நடக்கும்போது இரண்டு பேர் விழுகிறார்கள். களத்திலிருந்து தள்ளி, முன்வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியின் மைதானத்தில் எடுத்தது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் முடிவு.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உன்னிப்பாகப் பார்த்துத்தான். அன்றைக்கு உண்மையில் தாக்கப் போனவர்கள் ஆளுக்கு ஏறக்குறைய 27 கிலோ சுமந்தார்கள். இவர்கள் முதுகு காலி. குழியின் ஆழம் போதவில்லை. கேமரா நிற்கும் இடத்தைப் பாருங்கள், குண்டு வரும் திசையில் உயிருக்கு ஆசையுள்ள எவரும் அங்கே டிரைபாடை ஊன்றமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, விழுந்து ‘இறந்த’ ஒருவன் கொஞ்ச நேரத்தில் காலை மடக்கி ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொள்கிறான். வசதியாகப் படுக்க வேண்டும் அல்லவா!

அன்றைய பார்வையாளர்களை அதிகம் உலுக்கியது இந்தக் காட்சிதான். ரைடர் ஹேகார்ட் என்ற பிரபல நாவலாசிரியர்கூட, ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு கணத்தில் பிணமாகும் அந்த மாற்றத்தை வியந்து தன் நாட்குறிப்பில் எழுதினார். இன்றைக்கும் ஆவணப்படங்களில், பாடநூல் அட்டைகளில், ஜூலை 1-க்கு அடையாளமாக வருவது இதே சில நொடிகள்தான்.

அப்படியானால் மற்றதையும் எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். ஆனால் படத்தின் மிகப் பெரும் பகுதி, சொன்ன இடத்தில் சொன்ன நாட்களையொட்டி எடுக்கப்பட்டதுதான். ஒரு எளிய சோதனை: கேமரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஒருவர் நின்று நிதானமாகச் சுற்ற முடியுமா? முடியும் என்றால் பெரும்பாலும் நம்பலாம். காட்சி எவ்வளவுக்கு எவ்வளவு சினிமா போல இருக்கிறதோ, அவ்வளவுக்குச் சந்தேகப்படலாம்.

உண்மையான தாக்குதலும் படத்தில் இருக்கிறது. ஹாதார்ன் மேட்டுச் சரிவில் சின்னச் சின்னப் புள்ளிகள் நகர்வது தெரியும். பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

நான் கைகாட்டுவது பள்ளச் சாலைக் காட்சியை. லங்காஷயர் ஃப்யூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் முதல் பட்டாலியன், இரண்டு தரப்புக்கும் நடுவே கிடந்த ஒரு பள்ளமான வண்டிப்பாதையில் தாக்குதலுக்கு முன்பு பதுங்கியிருக்கிறது. தோண்டிய சுரங்க வழியாக மாலின்ஸ் அங்கே போய் எடுத்தார். மண்சரிவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயல்கிறான், சிரிப்பு முழுதாக வரவில்லை. பக்கத்தில் இருப்பவன் கேமராவைப் பார்க்கிறான், பார்வையை எடுக்கிறான், மறுபடி பார்க்கிறான். யாரும் விழவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. சற்று நேரத்தில் அவர்கள் எழுந்து இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே போனார்கள். பலர் திரும்பவில்லை. நடிக்கத் தெரியாத முகங்கள் அவை.

காயம்பட்டவரைத் தோளில் சுமந்து வருபவர் யார்?

ஒருவர் தோழனை முதுகில் போட்டுக்கொண்டு குறுகலான குழி வழியாகக் கேமராவை நோக்கி வருவார், நேரே நம்மைப் பார்ப்பார். காப்பாற்றப்பட்டவர் குழியை அடைந்த முப்பது நிமிடத்தில் இறந்துவிட்டார் என்று காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்து அட்டை சொல்கிறது. சுமந்தவர் எங்கள் தாத்தா என்று உரிமை கொண்டாடிய குடும்பங்கள் பல. எந்தப் பெயரும் ஐயமற நிலைநாட்டப்படவில்லை.

பீரங்கிக் காட்சிகள் ஏன் இவ்வளவு நீளம்?

ஏனென்றால் பீரங்கிகள் பின்னால் இருந்தன, பகலில் எடுக்க முடிந்தது, பார்க்கவும் பிரமாண்டமாக இருந்தது. மாலின்ஸ் மாதிரி ஆளுக்கு அது வரம்.

தாக்குதலுக்கு முன் ஒரு வாரம், ஜூன் 24-இலிருந்து, பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளைச் சுட்டன. படத்தில் அந்த வேலையின் ஒவ்வொரு படியும் வருகிறது. வண்டியிலிருந்து குண்டுகளை இறக்கி அடுக்குவது, கையால் உருட்டுவது, தள்ளுகோலால் குழாய்க்குள் செலுத்துவது, கயிற்றை இழுப்பது. 8 கிலோ சொச்சம் எடையுள்ள குண்டைச் சுடும் சிறிய 18 பவுண்டர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ‘பாட்டி’ என்று செல்லப்பெயர் வைத்திருந்த 15 அங்குல ஹவிட்சர் என்ற பெரும்பீரங்கி. அதன் ஒரு குண்டு 1,400 பவுண்டு, ஏறக்குறைய 635 கிலோ. அதைத் தூக்கக் கிரேன் வேண்டும். நீண்ட காம்பு வைத்த உருண்டை மார்ட்டர் குண்டுகளும் உண்டு. சிப்பாய்கள் அதற்கு ஒரு கிறிஸ்துமஸ் பலகாரத்தின் பெயரை வைத்திருந்தார்கள்.

சத்தம் இல்லாததால் வேறொன்று கண்ணில் படுகிறது: அது கூலிவேலை. சட்டையைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலை ஷிஃப்ட் போல, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

படம் சொல்லாதது, அந்தக் குண்டுகள் விழுந்த முனையில் என்ன ஆயிற்று என்பது. நிறையக் குண்டுகள் வெடிக்கவே இல்லை. முள்கம்பியை அறுக்க வேண்டிய குண்டுகள் பல இடங்களில் அதை அறுக்கவில்லை. ஆழமான நிலவறைகள் தாங்கிக்கொண்டன. ஜூலை 1 ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பின் இழப்பு 57,470 பேர், அதில் இறந்தவர்கள் 19,240. இந்த எண்கள் எந்த எழுத்து அட்டையிலும் கிடையாது.

டாங்கிகள் எங்கே? படத்தில் ஒன்றுகூட வரவில்லையே?

வராது. உலகின் முதல் டாங்கித் தாக்குதல் 1916 செப்டம்பர் 15, சோம் களத்திலேயே ஃப்ளேர்-கூர்செலெத் சண்டையில். படம் அதற்குள் தியேட்டருக்கு வந்துவிட்டது.

டாங்கியைத் திரையில் பார்க்க மக்கள் 1917 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஆன்கர் போரும் டாங்கிகளின் முன்னேற்றமும்’ என்ற அடுத்த படம் அப்போது வந்தது. தலைப்பிலேயே டாங்கியைப் போட்டதிலிருந்தே எதைக் காட்டிக் கூட்டம் சேர்த்தார்கள் என்று தெரிகிறது. முதல் சில வாரங்களில் ராணுவம் அதன் உருவத்தை ரகசியமாக வைத்திருந்தது. பத்திரிகைகள் கற்பனைக்கு ஓவியம் வரைந்து தள்ளின.

திரையில் வருவது மார்க் 1 ரகம். 28 டன் எடை, உள்ளே 8 பேர், நல்ல தரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம். பக்கத்தில் நடப்பவர்கள் அதை முந்திக்கொண்டு போகலாம். திருப்புவதற்கே நான்கு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். முதல் நாள் ஒதுக்கிய 49 டாங்கிகளில் புறப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவை 32. மற்றவை பழுதாகியோ சேற்றில் சிக்கியோ நின்றுவிட்டன. படத்தில் அந்தப் பக்கம் தெரியாது. சாய்ந்து, ஏறி, குழியைத் தாண்டும் அந்த இரும்புப் பெட்டி வெல்ல முடியாத மிருகமாகத்தான் தெரியும்.

டாங்கியைவிட அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது சேறு. நவம்பர் மாதச் சோம். முழங்கால் வரை புதைந்து இழுக்கும் குதிரைகள், பலகை போட்ட பாதையில் தடுமாறும் ஆட்கள். முதல் படத்தின் ஜூலை வெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மௌனப் படம் என்றால் தியேட்டரில் அமைதியாகவா பார்த்தார்கள்?

இல்லவே இல்லை. பியானோவோ சிறு இசைக்குழுவோ கட்டாயம் இருக்கும். எந்தக் காட்சிக்கு எந்தப் பாட்டு என்று மார்ட்டன் ஹட்சிசன் என்பவர் பட்டியலே வெளியிட்டார். அதில் சில இன்று கேட்டால் கல்யாண வீட்டு இசை போல இருக்கிறது. 2006-இல் லாரா ரோஸி புதிதாக ஒரு இசை அமைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரே காட்சி இரண்டு அர்த்தம் தரும்.

மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

முதல் ஆறு வாரத்தில் சுமார் 2 கோடி டிக்கெட் விற்றதாக மதிப்பீடு. அப்போது பிரிட்டனின் மக்கள்தொகையே நாலரைக் கோடிதான்.

எதிர்ப்பும் இருந்தது. டர்ஹாம் தேவாலயத்தின் தலைமைக் குருவான ஹென்ஸ்லி ஹென்சன், துக்கத்தில் இருப்பவர்களைப் புண்படுத்தும் கேளிக்கை இது என்று ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். மகனையும் சகோதரனையும் இழந்தவர்கள் பலர் வேறு மாதிரி உணர்ந்தார்கள். அன்றைய போர் அமைச்சர் லாயிட் ஜார்ஜின் செயலாளர் பிரான்சிஸ் ஸ்டீவன்சன், 1915-இல் போரில் தம்பியைப் பறிகொடுத்தவர். தம்பி என்ன பட்டிருப்பான் என்று இப்போதுதான் புரிகிறது என்ற பொருளில் எழுதி வைத்தார். படத்தில் பிரிட்டிஷ் பிணங்களையும் காட்டினார்கள். அப்புறம் வந்த படங்களில் அந்தத் துணிச்சல் குறைந்தது.

கூட்டத்தை உருக்கியவற்றில் ஒரு நாயும் உண்டு. மான்செஸ்டர் படைப்பிரிவின் வளர்ப்பு நாய், டான்ஸிக் சந்து என்ற ஜெர்மன் குழியைத் தாக்கும்போது எஜமானனோடு விழுந்தது என்று அட்டை சொல்லும். அடுத்து, புல்லில் கிடக்கும் அந்த நாய்.

ஜெர்மானியர் சும்மா இருந்தார்களா?

இல்லை. 1917 ஜனவரியில் ‘சோம் களத்தில் நம் வீரர்களோடு’ என்று பதில் படம் விட்டார்கள். அதிலும் பின்வரிசையில் நடித்து எடுத்த பகுதிகள் ஏராளம். இந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இந்திய வீரர்கள் இருக்கிறார்களா?

இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதி 1915 கடைசியிலேயே பிரான்சிலிருந்து மெசபொடேமியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. குதிரைப்படை மட்டும் தங்கியது. சோம் களத்தில் அதன் பெயர் பெற்ற தாக்குதல், 20-ஆவது டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவு ஹை வுட் என்ற காட்டுப் பக்கம் ஈட்டியோடு பாய்ந்தது, ஜூலை 14-ஆம் தேதி மாலை. அதற்குள் மாலின்ஸும் மெக்டோவலும் சுருள்களோடு ஊர் திரும்பிவிட்டார்கள். பிரான்சில் விழுந்த இந்தியர்களைத் தேடுபவர்கள் நூவ் ஷாப்பெல் நினைவிடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன.

வண்ணம் ஏற்றிய பிரதியைப் பார்த்தால் போதாதா?

வண்ணம் ஏற்றினால் முகங்கள் பக்கத்தில் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழுப்பும் பச்சையும் நம் காலத்து ஆட்களின் தேர்வு. சேர்க்கும் சத்தமும் அப்படியே. எது 1916, எது இன்று என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது. முதலில் மூலத்தைப் பாருங்கள், அப்புறம் வண்ணம்.

மூலப் பிரதியைக் காத்து வைத்திருப்பது லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம். 1920-லிருந்து அவர்களிடம் இருக்கிறது. தீப்பிடிக்கக்கூடிய, தானாகவே அரித்துப்போகும் நைட்ரேட் ஃபிலிமிலிருந்து வேறு ஃபிலிமுக்கு மாற்றி, பிறகு டிஜிட்டலில் சீரமைத்தார்கள். 2005-இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் சேர்ந்தது.

முழுப்படத்துக்கு நேரமில்லை, எதைப் பார்க்கலாம்?

இரண்டாவது ரீல் முடிவிலிருந்து மூன்றாவது ரீல் வரை பாருங்கள். பள்ளச் சாலை, ஹாதார்ன் வெடிப்பு, போலித் தாக்குதல், தோளில் சுமந்து வருபவர் எல்லாம் அந்தச் சுற்றிலேயே வந்துவிடும். பார்க்கும்போது பின்னணி இசையை ஒருமுறை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். எழுத்து அட்டைகளைக் கைவசம் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எந்தக் காட்சி போமோன் ஹாமெல், எது மாமெட்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம்.